மாமா வீட்டு மீன் தொட்டியில் கூட்டம் குறைந்த கதை

பிள்ளை கொஞ்சம் குண்டாக இருக்கிறான் என்று பெற்றவளிடம் சொல்லிப் பாருங்கள், ஒரு முகம் வரும். "உங்க தொட்டியில மீன் ஜாஸ்தி" என்று மீன் வளர்ப்பவரிடம் சொன்னாலும் அதே முகம்தான். உண்மை என்பது அவருக்கும் உள்ளுக்குள் தெரியும், ஆனால் அதை நீங்கள் சொல்லக் கூடாது. என் மாமா வீட்டுத் தொட்டியில் கூட்டம் குறைந்தது, ஆனால் நான் பேசிப் பேசிக் குறையவில்லை. ஒரு அளவு நாடா, ஒரு சின்னக் கண்ணாடிக் குழாய், அத்தையின் இடுப்பு வலி, இந்த மூன்றும் சேர்ந்துதான் வேலையை முடித்தன.

மாமாவுக்கு அம்பத்தூரில் இரண்டாவது மாடி ஃபிளாட். ஹாலில் டிவிக்குப் பக்கத்தில் இரண்டடித் தொட்டி. இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம், கணக்குப் போட்டால் 56 லிட்டர் வரும். அடியில் போட்ட நீலக் கல், மேலே விட்ட இடைவெளி, அந்த பிளாஸ்டிக் முக்குளிப்பு பொம்மை எல்லாம் போக உண்மையில் நிற்கிற தண்ணீர் 45 லிட்டர் இருந்தால் அதிகம். அதில் எட்டு கோல்ட் ஃபிஷ், ஒரு பிளாக் மூர் (கருப்பு கோல்ட் ஃபிஷ்), இரண்டு கோய், இரண்டு ஷார்க் (பெயர்தான் சுறா, உண்மையில் கெளுத்தி இனம்), இரண்டு ஏஞ்சல், நான்கு விடோ டெட்ரா, ஒரு சக்கர் (கண்ணாடியில் வாயால் ஒட்டிக்கொள்ளும் மீன்). ஆக மொத்தம் இருபது.

யாரும் ஒரே நாளில் இருபது மீன் வாங்கி இரண்டடித் தொட்டியில் விடுவதில்லை. ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் இருக்கும், அந்தக் காரணத்தைக் கேட்காமல் எண்ணிக்கையை மட்டும் பேசினால் எதுவும் நகராது. மாமா வீட்டில் எட்டு தங்கமும் ஒரு கருப்பும் வாஸ்துவுக்காக வந்தவை. மகள் கல்யாணம் தள்ளிப் போய்க்கொண்டிருந்தபோது யாரோ சொல்லி வாங்கினார், அடுத்த தையில் கல்யாணம் நடந்தது, அதோடு அந்த ஒன்பதும் வீட்டு ஆட்களாகி விட்டன. கோய் பேரன் அழுது வாங்கியது. விடோவும் ஏஞ்சலும் பிறந்தநாள் பரிசு. ஷார்க் கடைக்காரர் தலையில் கட்டியது, "சார், இது ஓடிக்கிட்டே இருக்கும், பார்க்க ஜோரா இருக்கும்" என்று. சக்கர் வந்தது அழுக்கைத் தின்னும் என்ற நம்பிக்கையில்.

இந்த சக்கர் விஷயத்தில் தமிழ்நாடே ஏமாந்திருக்கிறது என்று நினைக்கிறேன். குட்டியாக இருக்கும்போது கண்ணாடியில் படிந்த பாசியைச் சுரண்டித் தின்னும், அது சரி. மற்ற மீன்களின் கழிவை அது தின்னாது. வளர வளரப் பாசியையும் விட்டுவிட்டு அடியில் விழும் தீனிக்கு வரும், தொட்டியிலேயே அதிகம் கழிவு போடுகிற ஆளும் அதுவாகத்தான் இருக்கும். ஒன்றரை அடி வரை வளர்கிற மீன் அது. இரண்டு இன்ச் குட்டியைக் காட்டி விற்கும்போது யாரும் இதைச் சொல்வதில்லை.

மாமா வீட்டுக்குப் போனால் காலையில் முதலில் தெரிவது இதுதான்: மீன் எல்லாம் தண்ணீர் மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருக்கும். மாமா அதைப் பசி என்று நினைத்தார். "பாரு, என்னைப் பார்த்ததும் சாப்பாடு கேக்குதுங்க" என்று சொல்லி ஒரு கை தீனி போடுவார். மூச்சு முட்டுகிற மீனுக்குத் தீனி, தின்னாதது அடியில் அழுகும், தின்றது கழிவாகும், மறுநாள் இன்னும் கொஞ்சம் மூச்சு முட்டும். தண்ணீர் லேசாக மஞ்சள் பாய்ந்திருக்கும், ஓரத்தில் நுரை நிற்கும், சில வாரத்துக்கு ஒரு மீன் செத்து மிதக்கும். உடனே கொளத்தூர் மீன் கடைக்குப் போய் அதே நிறத்தில் இன்னொன்று வாங்கி வந்து எண்ணிக்கையைச் சரிசெய்து விடுவார்.

செத்த மீனுக்கு அவரிடம் ஒரு விளக்கமும் தயாராக இருந்தது, நம் வீடுகளில் எல்லோரும் கேட்டிருப்பீர்கள்: வீட்டுக்கு வர வேண்டிய கெட்டதை அது வாங்கிக்கொண்டு போய்விட்டது. இந்த ஒரு நம்பிக்கை இருக்கும் வரை நீங்கள் அம்மோனியா, ஆக்சிஜன் என்று என்ன பேசினாலும் எடுபடாது. மீன் சாவது அங்கே தோல்வியே இல்லை, தொட்டி தன் வேலையைச் செய்கிறது என்பதற்கு அத்தாட்சி.

எனக்கு முன்னால் சித்தி பையன் ஒருவன் முயன்று பார்த்தான். அவனும் மீன் வளர்ப்பவன், செடி போட்ட தொட்டி வைத்திருக்கிறான், விஷயம் தெரிந்தவன்தான். ஆனால் ஒரு விசேஷத்தன்று நாலு பேர் முன்னால், "மாமா இது வளர்ப்பு இல்ல, கொடுமை" என்று சொல்லிவிட்டான். மாமா அன்றைக்கு ஒன்றும் பேசவில்லை. அடுத்த வாரம் போய் அந்த இரண்டு ஏஞ்சலை வாங்கி விட்டார் என்று அத்தை சொன்னார். பிறந்தநாள் பரிசு என்பது வெளியே சொல்வதற்கு. அதற்குப் பிறகு அவனைப் பற்றிப் பேச்சு வந்தாலே, "நேத்துப் பொறந்த பய, எனக்குச் சொல்ல வந்துட்டான்" என்பார். அவன் பேசியது அத்தனையும் சரி, பலன் இரண்டு மீன் கூடியதுதான்.

அதனால் நான் மீனைக் குறைக்கச் சொல்லவே இல்லை. முதலில் கேட்டது ஒரே ஒரு விஷயம்: ராத்திரி ஏன் ஏர் பம்ப்பை நிறுத்துகிறீர்கள்? கரண்ட் பில் ஏறும், சத்தத்தில் தூக்கம் வராது என்றார். மாமா கணக்குப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், பால் கணக்கு, கேஸ் கணக்கு எல்லாம் இன்றைக்கும் நோட்டில் எழுதுபவர். அவரிடம் சூழலியல் பேசுவதைவிடக் கணக்கு பேசுவது மேல். அந்தப் பம்ப் 5 வாட். நாள் முழுக்க ஓடினால் 0.12 யூனிட். இரண்டு மாதத்துக்கு ஏழு யூனிட் சொச்சம். வீட்டுக்கு அரசு அப்போது இலவசமாகத் தந்ததே இரண்டு மாதத்துக்கு 100 யூனிட். அவரே நோட்டில் பெருக்கிப் பார்த்துவிட்டு, "இவ்ளோதானா" என்றார். சத்தத்துக்குப் பம்ப்புக்கு அடியில் பழைய மவுஸ் பேடை மடித்து வைத்தோம். பம்ப்பைத் தண்ணீர் மட்டத்துக்கு மேலே வைத்தது, கரண்ட் போனால் தண்ணீர் குழாய் வழியே பம்ப்புக்குள் ஏறாமல் இருக்கவும் உதவியது.

பம்ப் ராத்திரியும் ஓட வேண்டியதற்குக் காரணம் சொல்ல வேண்டும் என்றால், சூடான தண்ணீரில் ஆக்சிஜன் குறைவாகவே கரையும். 20 டிகிரியில் லிட்டருக்கு 9 மில்லிகிராம் நிற்கும், 30 டிகிரியில் ஏழரைதான். சென்னை வீட்டு ஹாலில் மே மாதம் தொட்டித் தண்ணீர் 31, 32 எல்லாம் சர்வசாதாரணம். அந்தச் சூட்டில் மீனுக்கு ஆக்சிஜன் தேவையும் கூடும். இருபது மீன், காற்று இல்லாத எட்டு மணி நேரம், விடிகாலையில் மேலே வராமல் என்ன செய்யும்? பம்ப்பை ராத்திரியும் ஓட விட்டதும் காலையில் மேலே மிதந்து வாய் திறப்பது நன்றாகவே குறைந்தது. மாமா அதற்கும் ஒரு அர்த்தம் வைத்திருந்தார், "இப்பல்லாம் பசி அடங்கிடுச்சு போல, முன்ன மாதிரி கேக்கறதில்ல" என்று. நான் திருத்தவில்லை, ஏனென்றால் தீனியும் தானாகக் குறைந்தது.

இதை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன் என்றால், முதல் மாற்றம் செலவில்லாததாக, அவர் எதையும் இழக்காததாக இருக்க வேண்டும். அது பலித்த பிறகுதான் அடுத்ததைக் கேட்கக் காது கிடைக்கும்.

அடுத்தது டெஸ்ட் கிட். அம்மோனியா பார்க்கும் சொட்டு மருந்து கிட், பேப்பர் பட்டையில் பார்ப்பதைவிட இது நம்பகம். இதில் ஒரு தந்திரம் உண்டு, தொட்டித் தண்ணீரை முதலில் சோதிக்காதீர்கள். முதலில் குழாய்த் தண்ணீர். இல்லாவிட்டால் அம்மோனியா இருப்பதைக் காட்டும் பச்சை நிறம் வந்ததும் "எங்க ஏரியா போர் தண்ணியே அப்படித்தான்" என்று கதையை முடித்து விடுவார்கள். மாமாவையே சொட்டுவிடச் சொன்னேன். குழாய்த் தண்ணீர் மஞ்சளாகவே நின்றது. அடுத்து தொட்டித் தண்ணீர், இரண்டு பாட்டிலிலும் எட்டெட்டு சொட்டு, மூடி போட்டுக் குலுக்கி ஐந்து நிமிடம். கண்ணாடியை மூக்கில் இறக்கிக்கொண்டு குழாயை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தபடி நின்றார். மஞ்சள் மெல்ல எலுமிச்சை நிறமாகி, அங்கிருந்து வாழை இலைப் பச்சைக்குப் போனது. அட்டையில் வைத்துப் பார்த்தால் 2-க்கும் 4-க்கும் நடுவில். "எவ்ளோ இருக்கணும்?" என்றார். பூஜ்யம் என்றேன். இன்னொரு குழாயில் அவரே திரும்பவும் போட்டுப் பார்த்தார். அதே பச்சை.

அம்மோனியா எங்கிருந்து வருகிறது என்பதை அன்றைக்குத்தான் சொன்னேன், அவரே கேட்டதால். மீன் செவுள் வழியாகவே அம்மோனியாவை வெளியேற்றுகிறது, அழுகும் தீனியும் கழிவும் மீதியைச் சேர்க்கும். ஃபில்டர் ஸ்பாஞ்சில் குடியிருக்கும் ஒரு வகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாக மாற்றும், இன்னொரு வகை அதை நைட்ரேட்டாக்கும், நைட்ரேட்டை நாம் தண்ணீர் மாற்றி வெளியேற்ற வேண்டும். அந்த பாக்டீரியா ஒரு அளவுக்கு மேல் தாங்காது. நம்மூரில் கூடுதல் சிக்கல் ஒன்று உண்டு. அம்மோனியா எவ்வளவு விஷம் என்பது தண்ணீரின் பி.எச். (அமிலமா காரமா என்று காட்டும்) அளவையும் சூட்டையும் பொறுத்தது. 30 டிகிரித் தண்ணீரில் பி.எச். 7 என்றால் மொத்த அம்மோனியாவில் நூற்றில் ஒரு பங்குகூட விஷ வடிவத்தில் இருக்காது. பி.எச். 8 ஆனால் அது ஏழு, எட்டுப் பங்கு ஆகிவிடும். சென்னை போர் தண்ணீர் பல இடங்களில் எட்டை ஒட்டித்தான் இருக்கிறது. வெளிநாட்டுக்காரர் வீடியோவில் "கொஞ்சம் அம்மோனியா இருந்தால் பயப்பட வேண்டாம்" என்று சொல்வதை அப்படியே நம் தொட்டிக்கு எடுத்துக்கொள்ள முடியாது.

மாமா உடனே, "அப்ப நாளைக்கே முழுசா இறைச்சுக் கழுவிடலாம்" என்றார். இங்கேதான் அவசரமாகத் தடுக்க வேண்டியிருந்தது. மாதம் ஒருமுறை அதைத்தான் செய்து வந்தார்: மீனை பக்கெட்டில் பிடித்துப் போட்டு, தண்ணீரை மொத்தமாகக் கொட்டி, கல்லை எல்லாம் வாரிக் குழாயடியில் அலசி, ஸ்பாஞ்சைப் பிழிந்து வெள்ளையாக்கி, புதுத் தண்ணீர் நிரப்பி மீனை விடுவது. பார்க்கப் பளிச்சென்று இருக்கும். ஆனால் ஸ்பாஞ்சிலும் கல்லிலும் இருந்த பாக்டீரியா அத்தனையும் சாக்கடைக்குப் போயிருக்கும், மிச்சத்தை மெட்ரோ வாட்டர் குளோரின் பார்த்துக்கொள்ளும். அந்தக் கூட்டம் முதலிலிருந்து திரும்ப உருவாக நாலைந்து வாரம் ஆகும், அதற்குள் அடுத்த கழுவல் நாள் வந்துவிடும். நோட்டைப் புரட்டினால் கழுவிய மூன்றாம் நாள், நான்காம் நாள்தான் மீன் செத்திருக்கிறது. ஆம், செத்த மீனையும் நோட்டில் எழுதியிருந்தார், வாங்கிய விலையோடு. அந்தத் தேதிகளையும் கழுவிய தேதிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தது அவர்தான். கெட்டது வாங்கிக்கொண்டு போகிற மீன் ஏன் எப்போதும் கழுவிய வாரத்திலேயே போகிறது என்ற கேள்வியை நான் வாயால் கேட்கவில்லை, கேட்டிருந்தால் கோபம்தான் வந்திருக்கும்.

சரி, கழுவக் கூடாது என்றால் என்ன செய்வது? கால் பங்கு தண்ணீரை மட்டும் குழாய் வைத்து அடியிலிருந்து உறிஞ்சி எடுத்து, குளோரின் போன தண்ணீரை ஊற்ற வேண்டும். முந்தின நாளே பக்கெட்டில் பிடித்து வைத்தால் போதும், அவசரம் என்றால் மீன் கடையில் விற்கும், குளோரினை எடுக்கும் ஹைப்போ (சோடியம் தயோசல்ஃபேட்) சொட்டு. ஸ்பாஞ்சை எடுத்த தொட்டித் தண்ணீரிலேயே லேசாகப் பிழிந்து திரும்ப வைக்க வேண்டும். ரொம்ப நாள் கவனிக்காமல் கிடந்த தொட்டியில் ஒரேயடியாகப் பாதித் தண்ணீர் மாற்றினால் பி.எச். சட்டென்று ஏறி, அதுவரை அவ்வளவு கெடுதல் செய்யாமல் இருந்த அம்மோனியா விஷமாகி விடும் அபாயம் உண்டு, அதனால் கொஞ்சம் கொஞ்சமாக.

மாமா வீட்டில் அந்த இருபது மீனுக்கு அம்மோனியாவை இறக்கி வைக்க ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீர் மாற்ற வேண்டியிருந்தது. பக்கெட் தூக்குவது யார்? இதுவரை சமையலறை வாசலில் நின்று பேசாமல் பார்த்துக்கொண்டிருந்த அத்தைதான். மாமா தீனி போடுவார், ரசிப்பார், வந்தவர்களுக்குக் காட்டுவார். கல் அலசுவது, தரை துடைப்பது, நாற்றத்துக்கு ஊதுவத்தி வைப்பது எல்லாம் அத்தை. மூன்றாவது வாட்டி பக்கெட்டை வைத்துவிட்டு இடுப்பில் கை வைத்து நிமிர்ந்தவர் என்னைப் பார்த்துக் கேட்டார், "ஏன்ப்பா, மீனு பாதி ஆச்சுன்னா இதும் பாதி ஆகுமா?"

ஆகும் அத்தை, வாரம் ஒரு தடவை போதும் என்றேன். அதற்கு மேல் நான் பேச வேண்டிய அவசியமே வரவில்லை. ஒரு வீட்டில் தொட்டி யாருடையது என்று பார்ப்பதைவிட அதன் வேலை யார் தலையில் என்று பார்த்துவிட்டுப் பேச ஆரம்பிப்பது நல்லது.

இருந்தாலும் எந்த மீன் என்ற கேள்வி வந்தபோது மாமா மறுபடி இறுகினார். "தொட்டி சைஸுக்குத் தக்கனதான் மீன் வளரும், கடைக்காரரே சொன்னாரு" என்றார். இது பாதிப் பேர் நம்புவது. சின்னத் தொட்டியில் மீன் வளராமல் நிற்பது உண்டுதான், ஆனால் இடத்துக்கு ஏற்ப அது தன்னைச் சுருக்கிக்கொள்வதில்லை, கெட்ட தண்ணீரில் வளர்ச்சி முடங்குகிறது, அவ்வளவுதான். முதுகு வளையும், நோய் எளிதில் பிடிக்கும், ஆயுள் குறையும். கோல்ட் ஃபிஷ் நல்ல தண்ணீரில் பத்து வருடம் தாராளமாக இருக்கும், அதற்கு மேலும் இருக்கும். ஒரு வருடம் இருந்தாலே பெரிது என்று நாம் பழகி விட்டோம்.

இதை விளக்குவதற்கு பதில் அத்தையின் தையல் மெஷின் டிராயரிலிருந்து இன்ச் டேப்பை எடுத்து மாமா கையில் கொடுத்தேன். சக்கர் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டிருந்தது, வெளிப்பக்கமாக வைத்து அளந்தால் வால் நுனி வரை பத்து இன்ச். தொட்டியின் அகலம் பன்னிரண்டு. அளந்துகொண்டிருக்கும்போதே அது திரும்பப் பார்த்தது. தலை முன்கண்ணாடியில் முட்ட, வால் மடங்க, நடு உடம்பு வளைந்து கல்லைக் கிளப்பிக்கொண்டு ஒரு உந்து உந்தியது. பொம்மை சாய்ந்தது, இரண்டு கோல்ட் ஃபிஷ் பதறி மேலே போயின. தினமும் பார்க்கிற காட்சிதான், டேப் கையில் இருக்கும்போது வேறு மாதிரித் தெரிந்திருக்க வேண்டும். "திரும்ப எடம் இல்லியே இதுக்கு" என்று மாமா தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். சக்கர் போகட்டும் என்று அன்றைக்கே முடிவானது.

ஒரு இன்ச் மீனுக்கு ஒரு கேலன் தண்ணீர் என்று ஒரு கணக்கு இணையத்தில் சுற்றும், அதை வைத்துக்கொண்டு வாதாடாதீர்கள், எதிராளி அதை வைத்தே உங்களை மடக்கி விடுவார். பத்து இன்ச் சக்கரும் ஓர் இன்ச் டெட்ரா பத்தும் ஒன்றல்ல. நீளம் பத்து மடங்கானால் உடம்பின் எடை ஏறக்குறைய ஆயிரம் மடங்காகும், கழிவும் எடையோடுதான் போகும். குட்டியின் அளவை விட்டுவிட்டு, அந்த மீன் முழுதாக வளர்ந்தால் எவ்வளவு என்று கேட்பதுதான் கணக்கு. மாமா வீட்டு ஷார்க்கைக் கேட்டால் பதில் ஒரு மீட்டருக்கு மேல். ஆந்திராவில் குளம் குளமாக வளர்த்து, ஓட்டலில் பாஸா என்று நாம் தின்கிற மீன் அது.

கடைசியில் நின்றது வாஸ்து. அதை நான் தொடவே இல்லை. எட்டும் ஒன்றும் இருக்கட்டும் மாமா, ஆனால் கோல்ட் ஃபிஷ்தான் என்று எங்கே இருக்கிறது, எட்டு ஆரஞ்சு பிளாட்டி, ஒரு கருப்பு பிளாட்டி வைத்தால் என்ன என்று கேட்டேன். வளர்ந்தாலும் இரண்டு, இரண்டரை இன்ச். நம்முடைய கடினத் தண்ணீர் அதற்கு இதமாகவே இருக்கும். இரண்டடித் தொட்டியில் ஒன்பது பிளாட்டி நிம்மதியாக நீந்தும். ஒரு நிபந்தனை, ஒன்பதும் ஆணாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் குட்டி போட்டு மூன்று மாதத்தில் பழைய கூட்டமே திரும்பும். வயிற்றுக்கு அடியில் இருக்கும் துடுப்பு விசிறி போல விரிந்திருந்தால் பெண், குச்சி போல ஒடுங்கியிருந்தால் ஆண், கடையில் நின்று பொறுமையாகப் பார்த்தால் பிடிபட்டுவிடும். மாமா அவருடைய ஜோசியருக்கு ஃபோன் போட்டார். "உசுரோட நல்லா இருக்கணும், அதான் முக்கியம்" என்று அவர் சொல்லிவிட்டார். அந்த ஜோசியருக்கு நான் கடன்பட்டிருக்கிறேன்.

ஆனால் தலையில் கொண்டை வைத்த மூன்று ஒரண்டா வகை கோல்ட் ஃபிஷ்ஷையும் பிளாக் மூரையும் விட மாட்டேன் என்றார். விடச் சொல்வதும் நியாயமில்லை, அவர் குரல் கேட்டு வருகிற மீன்கள் அவை. நாலடித் தொட்டி பேச்சு வந்தது, இடம் இல்லை, எடையும் தண்ணீரே 250 கிலோ தாண்டும். பொழுதுபோக்கை விட்ட நண்பர் ஒருவரிடம் 36-க்கு 15-க்கு 18 இன்ச் தொட்டி கிடந்தது, 159 லிட்டர். அதை ஹால் நடுவில் வைக்காமல் பீம் ஓடுகிற சுவரை ஒட்டி வைத்தோம். பழைய ஃபில்டர் ஸ்பாஞ்சில் பாதியை வெட்டிப் புது ஃபில்டருக்குள் போட்டதால் பாக்டீரியா முதல் நாளிலிருந்தே வேலை செய்தது. நாலு கோல்ட் ஃபிஷ் அங்கே. பழைய தொட்டி காலியானதும் அம்மோனியா பூஜ்யத்துக்கு வந்து நிலைக்கும் வரை கொஞ்ச நாள் சும்மா ஓடவிட்டு, அதில் பாக்டீரியா பட்டினி கிடக்காமல் இருக்க இரண்டு தீனி உருண்டை மட்டும் போட்டு, அப்புறம்தான் பிளாட்டி.

மீதி மீனை எங்கே விடுவது? நியாயமாகப் பார்த்தால் பேசுவதற்கு முன்பே இதற்குப் பதில் வைத்திருக்க வேண்டும். "குறைங்க" என்று சொல்லிவிட்டு "எங்க விடறது" என்ற கேள்விக்கு விழித்தால் எல்லாம் போச்சு. மாமா முதலில் சொன்னது கோயில் குளம், புண்ணியமாகப் போகும் என்று. வேண்டவே வேண்டாம். சக்கர் உடம்பு முழுக்கக் கவசம் மாதிரித் தகடு, பறவையும் மற்ற மீனும் தின்ன முடியாது, தண்ணீரில் ஆக்சிஜன் இல்லாவிட்டாலும் மேலே வந்து காற்றை விழுங்கிப் பிழைக்கும், கரையில் வளை தோண்டி முட்டையிடும். தென் அமெரிக்க மீன், இன்றைக்கு இந்திய ஏரிகளில் வலை போட்டால் வருகிறது, வலையையும் கிழிக்கிறது. இதில் பலவும் யாரோ ஒருவர் வீட்டுத் தொட்டியில் இருந்து கிளம்பியவையும் அவற்றின் வாரிசுகளும்தான்.

கோயும் மற்ற ஐந்து கோல்ட் ஃபிஷ்ஷும் செங்குன்றம் பக்கம் சிமெண்ட் தொட்டி வைத்திருக்கும் ஒருவரிடம் போயின. ஏஞ்சலை கொளத்தூர் கடை ஒன்று வாங்கிக்கொண்டது, காசெல்லாம் தர மாட்டார்கள், பதிலுக்குத் தீனி பாக்கெட் கிடைத்தால் அதிர்ஷ்டம். சக்கரை பெரிய மீன்களுக்கென்றே ஆறடித் தொட்டி வைத்திருக்கும் இன்னொரு கடைக்காரர் இலவசமாக எடுத்துக்கொண்டார். விடோ நாலும் சித்தி பையன் வீட்டுக்கு. அவனே வந்து எடுத்துப் போனான், வாயைத் திறக்காமல் வா என்று முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தேன்.

கொண்டு போகும்போது, முந்தின நாள் தீனி நிறுத்திவிடுங்கள், பையில் தண்ணீர் மூன்றில் ஒரு பங்கு, மீதி காற்று, மேலே துணி போட்டு இருட்டாக்கினால் மீன் பதறாது. சக்கரை மட்டும் பையில் போடாதீர்கள், துடுப்பு முள் பையைக் கிழித்து ஆட்டோ முழுக்கத் தண்ணீராகும். மூடி போட்ட பெயின்ட் டப்பா சரியாக இருக்கும், பெயின்ட் வாசமே இல்லாத அளவுக்குக் கழுவியதாக இருந்தால்.

ஷார்க் இரண்டும்தான் இன்னும் முடியாத கணக்கு. தற்காலிகமாக ஒரு நண்பர் வீட்டு ஐந்தடித் தொட்டியில் இருக்கின்றன. லைட் போட்டால் மிரண்டு கண்ணாடியில் மோதுகிறது என்கிறார். கடைகளில் கேட்டால் இந்த சைஸில் யாரும் எடுக்க மாட்டேன் என்கிறார்கள். அந்த நண்பருக்குத் தெரிந்த மீன் பண்ணைக்காரர் ஒருவர் குளத்தில் விட்டுக்கொள்ளத் தயார், இடம் தாராளம், கூட்டத்தோடு நீந்தலாம், ஆனால் அந்தக் குளத்து மீன் கடைசியில் எங்கே போகும் என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். மாமா ஒவ்வொரு தடவையும் விசாரிக்கிறார், "ஷார்க்கு ரெண்டும் எப்படி இருக்கு மாப்ள?" என்று. நல்லா ஓடுது மாமா என்று மட்டும் சொல்லி வைத்திருக்கிறேன்.